2857

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரத்தில் ஒரு காலத்தில் கறுப்பர் ஒருவர் பஸ்ஸில் போக வேண்டுமானால் பல நேரம் ஒரே வண்டியில் இரண்டு தடவை ஏற வேண்டியிருந்தது. முதலில் முன்வாசலில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் பத்து சென்ட் போட வேண்டும். பிறகு இறங்கி, தரையோடு நடந்து போய், பின்வாசலில் மறுபடி ஏற வேண்டும். உள்ளுக்குள்ளேயே நடந்தால் முன்னால் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்குமே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. காசைப் போட்டுவிட்டு இறங்கியவர் பின்வாசலை எட்டுவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவதும் உண்டு. காசும் போச்சு, பஸ்ஸும் போச்சு.

1943-ல் ஒரு நாள் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் காசைப் போட்டுவிட்டு, இறங்காமல் உள்ளேயே நடந்தார். டிரைவர் ஜேம்ஸ் பிளேக் விடவில்லை. இறங்கிப் பின்னால் வந்து ஏறு, இல்லையென்றால் என் வண்டியில் ஏறாதே என்று நின்றார். ரோசா இறங்கினார். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் அந்த டிரைவர் ஓட்டும் வண்டியில் அவர் ஏறவே இல்லை.

இந்தக் கதைக்குரிய பஸ் அப்போது பிறந்திருக்கவில்லை. அது 1948-ல் டெட்ராய்டுக்கு வடக்கே, மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. டிடிஎச்-3610 என்று மாடல். அந்த எண்ணில் இருக்கும் 36 என்பது இருக்கைகளின் கணக்கு. பின்புறம் டீசல் எஞ்சின், கண்டக்டர் கிடையாது, வலப்பக்கம் இரண்டு வாசல். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இப்படி இரண்டு வாசல் வைப்பார்கள். தொழிற்சாலையில் அதை வடிவமைத்தவர்களுக்கு அதற்குமேல் நோக்கம் இருந்திருக்காது. அலபாமா மாநிலத்துக்கு வந்து, 2857 என்ற எண்ணோடு மான்ட்கோமரித் தெருக்களில் ஓடத் தொடங்கியதும் அதே இரண்டு வாசல் வேறு வேலைக்குப் பயன்பட்டது. அநியாயத்துக்கென்று தனியாக ஒரு இயந்திரமும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இருக்கிற வாசலும், நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு பலகையும் போதுமானதாக இருந்தன.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் உள்ள பத்து இருக்கைகள் எப்போதும் வெள்ளையருக்கு. அவை காலியாகவே கிடந்தாலும் கறுப்பர்கள் நின்றுகொண்டுதான் போக வேண்டும். அதற்குப் பின்னால் எல்லை எங்கே என்பதைக் காட்டும் அந்தப் பலகை டிரைவரின் கையில் இருந்தது. வெள்ளையர் கூட்டம் அதிகமானால் பலகையை ஒரு வரிசை பின்னால் தள்ளிவைப்பார். அந்த வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட வேண்டும். இத்தனைக்கும் அந்த பஸ்களில் போனவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் கறுப்பர்கள்.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை சாயங்காலம். மான்ட்கோமரி ஃபேர் என்ற பெரிய பல்பொருள் அங்காடியில் தையல் வேலை முடித்து, கோர்ட் ஸ்கொயர் நிறுத்தத்தில் கிளீவ்லண்ட் அவென்யூ பஸ்ஸில் ஏறினார் ரோசா பார்க்ஸ். வயது 42. டிரைவர் யார் என்று அன்று கவனிக்கவில்லை. வெள்ளையர் பகுதியை அடுத்த முதல் வரிசையில், நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார். ஜன்னலோரம் ஒரு கறுப்பர். நடைபாதைக்கு அந்தப் பக்கம் அதே வரிசையில் இரண்டு கறுப்பினப் பெண்கள்.

எம்பயர் தியேட்டர் எதிரே உள்ள நிறுத்தத்தில் வெள்ளையர்கள் சிலர் ஏறினார்கள். எல்லோருக்கும் இடம் கிடைத்து, ஒரே ஒருவர் மட்டும் நின்றார். அந்த ஒருவர் உட்கார வேண்டுமென்றால் நான்கு பேர் எழ வேண்டும். ஏனென்றால் வெள்ளையர் இருக்கும் வரிசையில் கறுப்பர் இருக்கக்கூடாது. பிளேக் எழச் சொன்னார். முதலில் யாரும் அசையவில்லை. மறுபடி சொன்னதும் எதிர்ப்பக்கத்துப் பெண்கள் இருவரும் எழுந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவரும் எழுந்தார். அவர் வெளியே போவதற்காக ரோசா முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். பிறகு அவர் விட்டுப்போன ஜன்னலோர இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு இந்த நகர்தல்தான் முக்கியமாகப் படுகிறது. அசதியில் எழாமல் இருந்துவிட்ட ஒரு தையற்காரப் பெண் என்று பல காலம் பாடப்புத்தகங்களில் அவர் கதையைச் சொல்லிவந்தார்கள். உடம்பில் அசதி ஒன்றும் இல்லை, அடங்கிப் போய்ப் போய்த்தான் அலுத்துவிட்டது என்று அவரே பின்னால் விளக்கியிருக்கிறார். கறுப்பர் உரிமைக்கான தேசியச் சங்கத்தின் மான்ட்கோமரிக் கிளைக்குப் பல வருஷம் செயலாளராக இருந்தவர் அவர். அந்தக் கோடையில்தான் டென்னசியில் உள்ள ஹைலாண்டர் பள்ளிக்குப் போய்ப் போராட்டப் பயிற்சியும் பெற்றுவந்தார். எழச் சொன்ன பிறகு ஜன்னலோரம் நகர்ந்து இன்னும் நன்றாக உட்கார்ந்தவரை அசந்துபோனவர் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி.

போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது. நாலு நாள் கழித்து, டிசம்பர் 5 அன்று, நீதிமன்றம் பத்து டாலர் அபராதமும் நாலு டாலர் செலவுத்தொகையும் விதித்தது. ஆனால் கைதான அன்று ராத்திரியே அலபாமா ஸ்டேட் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான துண்டுப் பிரசுரங்களை விடிய விடிய அடித்து எடுத்துவிட்டார். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள் என்பதுதான் செய்தி. ஒரு நாளுக்கென்று தொடங்கியது 381 நாள் நீண்டது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மைல்கணக்கில் நடந்தார்கள். கறுப்பின டாக்சிக்காரர்கள் முதல் சில நாட்கள் பஸ் கட்டணமான பத்து சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். சமையல்காரர் ஜார்ஜியா கில்மோர் தோழிகளோடு சேர்ந்து கோழி வறுவலும் கேக்கும் செய்து விற்று, கார்களுக்குப் பெட்ரோல் போடப் பணம் சேர்த்துக் கொடுத்தார். தலைமைக்கு வந்த 26 வயதுப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. நகரத்து பஸ்களோ பெரும்பாலும் காலியாகவே சுற்றி வந்தன.

சட்டப்படி அந்தப் பலகையை அகற்றியது ரோசாவின் வழக்கு அல்ல. வேறு நான்கு பெண்கள் தொடுத்த வழக்கில் 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன முடிவு அது. நால்வரில் ஒருவர் கிளாடெட் கால்வின். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இதே ஊர் பஸ்ஸில் எழ மறுத்துக் கைதான பள்ளி மாணவி. பஸ் ஜன்னல் வழியே ரோசா வெளியே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அது கைதான நாளில் எடுத்ததல்ல. ஒரு வருஷம் கழித்து, 1956 டிசம்பர் 21 அன்று, பத்திரிகைக்காக உட்காரவைத்து எடுத்த படம். பின்னால் இருப்பவர் ஒரு நிருபர்.

வெற்றிக்குப் பிறகு ரோசாவுக்கு ஊரில் பிழைப்பு இல்லை. அவருக்கும் வேலை போயிருந்தது, முடிதிருத்துபவரான கணவருக்கும் வேலை போயிருந்தது. மிரட்டல் தொலைபேசிகள் நிற்கவில்லை. 1957-ல் ஊரைவிட்டுக் கிளம்பி, கடைசியில் டெட்ராய்டில் குடியேறினார்கள். 2857 மான்ட்கோமரியிலேயே இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதைக் கழித்துக்கட்டினார்கள். காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டியதை உள்ளூர்க்காரர் ஒருவர் வாங்கி, தன் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மரப்பலகைகளும் தட்டுமுட்டுக் கருவிகளும் போட்டுவைக்க ஒரு கொட்டகை ஆயிற்று. எஞ்சின் போனது, ஜன்னல்கள் போயின, துரு ஏறியது. இது ரோசா பார்க்ஸ் போன வண்டி என்று பஸ் கம்பெனிக்காரர்கள் விற்கும்போதே சொல்லியிருந்தார்கள். அந்த வாய்வார்த்தையைக் குடும்பம் முப்பது வருஷம் காப்பாற்றி வைத்திருந்தது.

வாய்வார்த்தையை யார் நம்புவது? 2001-ல் வண்டி இணைய ஏலத்துக்கு வந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. பதில் ஒரு பழைய நோட்டில் இருந்தது. புறக்கணிப்புக் காலத்தில் மான்ட்கோமரி பஸ் நிலைய மேலாளராக இருந்தவர், அந்தப் போராட்டம் பற்றி வந்த செய்திகளை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். ரோசா கைதான செய்திக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இரண்டே விஷயம்: பிளேக், 2857. டிரைவர் பெயரும் வண்டி எண்ணும். போராட்டக்காரர்களின் எதிர்த்தரப்பில் வேலை பார்த்தவர் அவர். நடப்பது பெரிய விஷயம் என்று தோன்றிக் குறித்து வைத்திருக்கிறார். மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு மியூசியம் தடயவியல் நிபுணரை வைத்து அந்த நோட்டைச் சோதித்தது. பராமரிப்பு வல்லுநரை அனுப்பி வண்டியையும் பார்க்கச் சொன்னது. ஏலம் அக்டோபர் 25 அன்று 50,000 டாலரில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டிப் போனது. ஸ்மித்சோனியன் மியூசியமும் டென்வர் நகரமும் போட்டியில் இருந்தன. 4,92,000 டாலருக்கு ஃபோர்டு மியூசியம் எடுத்தது. நோட்டையும் சேர்த்தே வாங்கியது. அது இல்லாமல் இந்த வண்டி வெறும் தகரம்தானே.

வண்டி பிறந்த மாநிலத்துக்கே திரும்பி வந்தது. எதுவரை பழுது பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. துருப்பிடித்த கொட்டகையாக விட்டால் நிலத்தில் கிடந்த காலம்தான் தெரியும். பளபளவென்று புதிதாக்கினால் 1948 தெரியும். அவர்கள் 1955-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழு வருஷம் நகரத்தில் ஓடிய பஸ் எப்படி இருக்குமோ அப்படி, ஓட்டத்தின் தேய்மானத்தோடு. கிடைக்காத பாகங்களை அதே காலத்துப் பழைய பஸ்ஸிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். 2003 பிப்ரவரியில் அதைப் பார்வைக்கு வைத்தார்கள். பக்கத்து நகரமான டெட்ராய்டில் இருந்த ரோசா பார்க்ஸுக்கு அந்த மாதம் 4-ஆம் தேதி 90 வயது நிறைந்தது. 2005 அக்டோபரில் அவர் காலமானபோது மான்ட்கோமரியிலும் டெட்ராய்டிலும் நகர பஸ்களின் முன் இருக்கைகளில் கறுப்பு ரிப்பன் கட்டி, யாரும் உட்காராமல் விட்டிருந்தார்கள்.

அதே மியூசியத்தில் லிங்கன் சுடப்பட்டபோது உட்கார்ந்திருந்த ஆடுநாற்காலி இருக்கிறது. கென்னடி சுடப்பட்ட கார் இருக்கிறது. அவற்றைத் தள்ளி நின்று பார்க்கத்தான் முடியும். 2857-ல் மட்டும் ஏறி உட்காரலாம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

2012 ஏப்ரலில் அமெரிக்காவின் முதல் கறுப்பின ஜனாதிபதி பராக் ஒபாமாவும் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து சில நொடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை மாளிகையின் புகைப்படக்காரர் எடுத்த அந்தப் படத்தில் அவர் இருப்பது ரோசா இருந்த வரிசைதான், ஆனால் நடைபாதைக்கு எதிர்ப்பக்கம். அன்று பிளேக் இரண்டாவது தடவை சொன்னபோது அந்த இரண்டு பெண்கள் எழுந்துபோன இடம்.