திண்ணைப் பள்ளியின் எண்சுவடி

காவிரிப் படுகையின் திண்ணைப் பள்ளிகளில் கணக்குக் கற்பிக்கப் பயன்பட்ட முதன்மையான கருவி எண்சுவடி, அதாவது முழு எண்களோடு கீழ்வாயிலக்கம் எனப்படும் பின்னங்களின் பெருக்கலையும் தொகுத்துச் சொன்ன வாய்பாட்டு ஏடு. கேட்ட மாத்திரத்தில் விடை தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மாணவர் கைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், விடைகளை ஆயத்தமாக வைத்திருந்த அந்தப் பழைய கருவியை அன்றைய ஆசிரியர்கள் எவ்வாறு கையாண்டனர் என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

எண்சுவடி எழுதி முடித்த நூலாகப் பிள்ளையின் கைக்கு வரவில்லை. மணலில் விரலால் எழுதிப் பழகி, எழுத்தாணி பிடிக்கத் தேர்ந்த பிள்ளை, உபாத்தியாயரும் அவருக்குத் துணையான மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளையும் சொல்லச் சொல்ல உரக்கக் கூறி மனப்பாடம் செய்ததையே தன் கையால் ஓலையில் எழுதிக்கொண்டான். மனனம் முந்தியது, சுவடி பிந்தியது. அதனினும் அருமையான ஏற்பாடு ஒன்று அதில் இருந்தது: ஒவ்வொரு வாய்பாட்டின் இறுதியிலும் அதன் விடைகள் அனைத்தின் கூட்டுத்தொகை தரப்பட்டது. இக்காலத்துப் பத்து வரி ஏழாம் வாய்பாட்டைக் கொண்டு விளக்கினால், 7 முதல் 70 வரையான விடைகள் சேர்ந்து 385 ஆக வேண்டும். 56 வரவேண்டிய இடத்தில் 54 என்று எழுதியவன் 383-இல் வந்து நின்று, தன் பிழையைத் தானே தேடத் தொடங்குவான். பிழையான விடையையும் சரியான விடைக்குரிய அதே உறுதியுடன் சொல்லிவிடக்கூடிய இன்றைய செயலிகளிடம் அத்தகைய கூட்டுத்தொகை இல்லாமையால், சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் மாணவரையும் ஆசிரியரையுமே சேர்கிறது.

நெல் விளையும் நாட்டில் இக்கல்வி ஏட்டோடு நிற்கவில்லை. 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்று முகத்தலளவையைக் கற்பித்த நெல்லிலக்கம் என்னும் சுவடி, பிள்ளையை நேரே களத்துமேட்டுக்கு ஆயத்தப்படுத்தியது.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்பில் தஞ்சை மாவட்டத்துக்கு 884 பள்ளிகள் பதிவாயின. ஆனால் அவற்றில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. சேற்றில் இறங்கி அந்த நெல்லை விளைவித்த பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கோ திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை. அறுவடை முடிந்து, மரக்கால் மரக்காலாகக் கூலி நெல் அளக்கப்படும்போது, கணக்குப்பிள்ளை சொன்ன தொகை சரிதானா என்று கூட்டிப் பார்க்கும் வாய்பாடு அவர்களிடம் இல்லை.