கொடுத்தவரின் பெயர், படித்தவரின் பெயர்

நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை. யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் பட்டியலில் இப்பெயர்களைக் காணும் மாணவர் யாரும் ஒருகணம் நின்று பார்ப்பர். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். மதம் மாறியதால் வந்த பெயர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இப்பெயர்களுக்குள் யாழ்ப்பாணத்தின் பழைய கல்விக் கொடை முறையொன்று பதிந்து கிடக்கிறது.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். பிள்ளைகளை விடுதியில் வைத்துக் கற்பிக்கப் பணம் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்த தனியாரும் திருச்சபைக் குழுக்களும் ஆளுக்கொரு பிள்ளையின் உணவு, உடை, படிப்புச் செலவை ஏற்றனர். கொடையாளர் விரும்பும் பெயர் அந்தப் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. இன்று உதவி பெறுபவர் நன்றிக் கடிதம் எழுதுகிறார். அன்று உதவி, பெற்றவரின் பெயராகவே மாறியது.

யாழ்ப்பாணத்து உடுவிலில் மிஷனரி மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவி ஹரியட் வின்ஸ்லோவும் 1820இல் குடியேறினர். 1824இல் ஹரியட் அங்கு பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று உடுவில் மகளிர் கல்லூரி பெருமை கொள்வது இதை வைத்துத்தான். மழையிலும் காற்றிலும் வீடு திரும்ப முடியாது மிஷன் வீட்டில் தங்கிய சிறுமியரிடமிருந்து பாடசாலை முளைத்தது என்று மிஷன் நூல்கள் கதை சொல்கின்றன. அந்நியர் வீட்டில் உண்டு உறங்கிய பெண்பிள்ளையை ஊர் எப்படி ஏற்கும் என்ற அச்சம் அன்றைய பெற்றோருக்குச் சிறியதன்று. ஆண்பிள்ளை படித்தால் உத்தியோகம் கிடைக்கும். பெண்பிள்ளை படித்து என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு மிஷன் கண்ட விடை வியப்பூட்டுவது. படிப்பை முழுமையாக முடித்து மணமுடிக்கும் மாணவிக்குச் சீதனமாக ஒரு தொகை வழங்கப்பட்டது. பாடசாலை முடிப்போருக்கான உதவித்தொகை என்ற எண்ணத்துக்கு யாழ்ப்பாணத்தில் மிகப் பழைய வடிவம் இதுவாகவே இருக்க வேண்டும். மேற்படிப்பே இல்லாத காலத்தில் பெண்ணின் அடுத்த படி திருமணம்தான். கொடையும் அந்தப் படியிலேயே வைக்கப்பட்டது. சீதனத்தை உடைக்காமல் சீதனத்தையே கல்விக்குத் துணையாக்கிய இந்த ஏற்பாட்டை வெறும் தூண்டில் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பருவமடைந்ததும் மகளை வீட்டுக்கு அழைக்க நினைத்த பெற்றோரைப் பொறுத்திருக்கச் செய்யும் வலிமை அதற்கு இருந்தது.

ஹரியட் 1833இல் மறைந்தபின் மிஷனரிமாரான ஸ்போல்டிங் தம்பதியர் பாடசாலையைக் கொண்டு நடத்தினர். 1840இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி எலிசா அக்னியூ 1879 வரை அங்கு கற்பித்தார். தாயகம் திரும்பாமலே 1883இல் மானிப்பாயில் இறந்த அவரை ஆயிரம் பெண்களின் தாய் என்று அழைத்தனர். 1855இல் அமெரிக்க மிஷன் தன் கொள்கையை மாற்றியதால் ஆண்களுக்கான உயர்கல்வி நிலையமான வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலக் கல்வி சுருங்கியது. அதன்பின் சீதனம் நின்று, கட்டணம் வந்தது. பெண்கல்விக்குப் பணம் கொடுக்கத் தமிழ்ப் பெற்றோர் தாமே முன்வந்தது உண்மையான திருப்பம்.

செமினரி ஆண்கள் நூல்களால் நிலைத்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய இருவரில் கறல் விசுவநாதபிள்ளை ஒருவர். உதயதாரகை இதழாசிரியரான ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். கொடையாளர் பெயரைச் சுமந்து படித்த ஒருவர், தம் நாட்டுப் புலவர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்தார். உடுவில் மாணவிகளுக்கு அத்தகைய நூல்கள் வாய்க்கவில்லை. பிறந்தபோது வைத்த பெயரை மிஷன் பெயர் மூடியது; மிஷன் பெயரைக் கணவன் பெயர் மூடியது.

1945இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் கொடையாளரின் இடத்தில் அரசை வைத்தது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோது உடுவில் தனியார் பாடசாலையாகவே நின்றது. 1981இல் மகாபொல புலமைப்பரிசில் நிதியம் பல்கலைக்கழக மாணவருக்குக் கைகொடுத்தது. அதே 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. படிப்பவருக்குப் பணம் வந்த ஆண்டிலேயே ஊரைப் படிப்பதற்கான ஏடுகள் சாம்பலாயின.

இவ்விரண்டையும், உதவியையும் ஊர் வரலாற்றையும், சேர்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் 1791இலேயே தோன்றியது. இன்று அந்நாட்டின் சிற்றூர்களில் உள்ளூர் வரலாற்றுக் கழகங்கள் பாடசாலை முடிக்கும் மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்குகின்றன. ஊரைப் பற்றி ஆய்ந்து எழுதுவதைச் சில கழகங்கள் நிபந்தனையாக்குகின்றன. உடுவிலுக்குக் காசு அனுப்பிய மண்ணில் வளர்ந்த இந்த வழக்கத்தை உடுவிலும் எடுத்தாளலாம். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் நம் பிள்ளைகள் பல மாதங்கள் காத்திருக்கின்றனர். அந்த இடைவெளியில் ஊரை ஆய்ந்து எழுதத் தூண்ட ஒரு புலமைப்பரிசில் போதும்.

மூடுண்ட அந்த மாணவிகளின் பெயர்களைத் தேடுவதற்கு இடமுண்டு. அமெரிக்க மிஷனின் தலைமை ஆவணங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. 1835இல் அச்சான ஹரியட்டின் வாழ்க்கை நூலில் அவருடைய கடிதங்கள் உள்ளன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து ஏடுகளைப் பணமின்றிப் படிக்கலாம். தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடு, கல்லறைக் கல், பழைய காணி உறுதி ஆகியவற்றை ஊருக்குள்ளேயே பார்க்க முடியும். உயர்தரம் எழுதி முடித்த ஒரு பிள்ளை இந்த வேலையை வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்கலாம். அம்மம்மாவிடம் முதலிற் கேட்க வேண்டியது இதுதான்: உங்கட பூட்டியை வீட்டில என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவை?