கோப்பி இலைத்துரு வாதம்: விஞ்ஞானமும் ஐயமும் நம்பிக்கையும்

விஞ்ஞானத்திற்கும் நம்பிக்கைக்கும் இடையே நிகழும் வாதங்களைப் பற்றிப் பேச முற்படுவோர் பெரும்பாலும் கலிலியோவையும் டார்வினையுமே எடுத்துக்காட்டுவர். ஒரு பக்கத்தில் தொலைநோக்கி ஏந்திய அறிஞன், மறுபக்கத்தில் மறைநூல் ஏந்திய குரு என்றவாறு ஒரு சித்திரம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆயின் வரலாற்றை உற்று நோக்குமிடத்து, விஞ்ஞான முடிபுகளை ஏற்க மறுத்தோர் எல்லோரும் சமயத்தின் பெயரால் மறுத்தவரல்லர் என்பது புலனாகும். அநுபவத்தின் பெயராலும் கணக்கேட்டின் பெயராலும் மறுத்தோர் பலர். இதற்குச் சான்று தேட நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. பேராதனைப் பூங்காவிலும் மாத்தளை உள்ளிட்ட மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களிலும் 1869ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நடைபெற்ற இலைத்துரு வாதம் அத்தகையதொன்றாகும். அவ்வாதத்தில் யார் எதனை நம்பினர், ஏன் நம்பினர், அந்நம்பிக்கைக்கு யார் விலை கொடுத்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையும் கோப்பியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாத்தளை கோப்பிச் செய்கையின் முக்கிய களங்களுள் ஒன்றாக விளங்கிற்று. மாத்தளை கிழக்கு, மேற்கு, வடக்கு எனத் தோட்டத் துரைமார் தமக்குள் வகுத்துக்கொண்ட பிரிவுகள் அக்காலத்துத் தோட்ட விவரத் திரட்டுகளிற் காணப்படுகின்றன. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி இம்மாவட்டத்தில் வெடித்தமைக்கான காரணங்களுட் கோப்பிக்காக நிகழ்ந்த நிலமாற்றங்களும் புதிய வரிகளும் அடங்கும்.

தமிழரைப் பொறுத்தவரை மாத்தளைக்கு மற்றுமொரு முக்கியத்துவம் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகத் தம்புள்ளை, நாலந்தை வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டின் வாயில் அவர்களுக்கு மாத்தளையே. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோரின் தொகை குறித்து வரலாற்றாசிரியர் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். அத்தொகை பெரிதென்பதில் ஐயமில்லை. அவ்வழியின் முடிவிலே, 1874ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொண்டாடும் முத்துமாரியம்மன் ஆலயம் எழுந்தமை தற்செயலன்று. நோயைத் தருபவளும் நோயைத் தணிப்பவளும் அவளே என நம்பிய மக்கள், நோய் நிறைந்த பாதையைக் கடந்து வந்து அவளை வணங்கினர்.

ஒரு நோய்க்குப் பெயரிடப்படுதல்

1869ஆம் ஆண்டு மே மாதத்தில் மடுல்சீமைத் தோட்டமொன்றிலே கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்த புள்ளிகள் தோன்றியிருப்பது கவனிக்கப்பட்டது. புள்ளி பரவிய இலைகள் விரைவில் உதிர்ந்தன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு ஆய்வாளர் பார்க்கிலி என்பாருக்கு அனுப்பினார். அவர் அதனைப் புதிய பேரினமாக இனங்கண்டு, அதே ஆண்டு நவம்பரில் 'கார்டினர்ஸ் குரோனிக்கிள்' இதழில் 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டு வெளியிட்டார். பெயரின் பிற்பகுதி 'பாழ்படுத்துவது' எனப் பொருள்படும்.

இதே பார்க்கிலி, 1846ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு நோய்க்குப் பங்கசே காரணம் என வாதிட்டவர். அக்காலத்தில் 'கார்டினர்ஸ் குரோனிக்கிள்' இதழின் ஆசிரியராயிருந்த லிண்ட்லி என்னும் தாவரவியற் பேராசிரியரோ ஈரமிகுந்த காலநிலையே காரணம், பங்கசு அழுகலின் விளைவு மட்டுமே என்றார். டி பாரி என்ற ஜெர்மானிய அறிஞர் 1860களில் பரிசோதனைகளாற் பார்க்கிலியின் கூற்றை உறுதிப்படுத்தினார். ஆகவே இலைத்துரு இலங்கையில் தோன்றியபோது, பங்கசு நோய்க்குக் காரணமா அல்லது விளைவா என்ற வினாவுக்கு விடை காணும் முறை ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. ஆயினும் அவ்வினா இங்கு மீண்டும் முதலிலிருந்தே விவாதிக்கப்பட்டது.

துரைமாரின் வாதம்

1854இல் நிறுவப்பட்ட தோட்டக்காரர் சங்கத்தின் கூட்டங்களிலும் 'சிலோன் ஒப்சேவர்' முதலிய பத்திரிகைகளின் பத்திகளிலும் இலைத்துரு பற்றிய கருத்துக்கள் மோதின. மண் வளமிழந்துவிட்டது என்றனர் சிலர். பருவமழை பிழைத்தமையே காரணம் என்றனர் வேறு சிலர். எருவிட்டாற் குணமாகும் என்போரும் எரு மிகுந்தமையாலேயே நோய் வந்தது என்போரும் இருந்தனர். இது வந்ததுபோலவே போய்விடும் என்று நம்பியோரும் பலர்.

இக்கருத்துக்களை வெறும் அறியாமை என ஒதுக்குதல் தகாது. பருவமழையோடு நோய் பெருகுகிறது என்ற அவர்களது அவதானம் மெய்யானது. பிழை அவதானத்திலன்று, முடிபிலேயே இருந்தது. வித்தி இலையில் விழுந்து முளைத்து, புள்ளி கண்ணுக்குப் புலனாவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். இன்று தோன்றும் புள்ளிக்கு இன்றைய மழையைக் காரணமாகக் கொண்டவன், சில வாரங்களுக்கு முன் நிகழ்ந்ததை நோக்காதவனாவான். இலையுதிர்ந்த கோப்பிச் செடி சில காலத்தின் பின் இயல்பாகவே துளிர்க்கும். அத்துளிர்ப்புக்குச் சற்று முன்னர் எவன் எதனை இட்டிருந்தானோ, அதுவே மருந்தென அவன் நம்பினான். மருந்திடாத செடியும் துளிர்த்ததா என ஒப்பிட்டு நோக்கினாலன்றி இம்மயக்கம் தெளியாது.

இதற்கு மேலாகச் சந்தை விலையும் உண்மையை மறைத்தது. 1870களில் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்தது. ஏக்கருக்கான விளைச்சல் குறைந்தபோதிலும் வருமானம் உடனே குறையவில்லை. எனவே புதிய காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி நாட்டப்பட்டது. நோய்க்கு மேலும் இரை வைக்கப்பட்டது என்று கூறினும் பொருந்தும். கடன் வாங்கித் தோட்டம் வாங்கியவனுக்கு, நோய் நிலையானது என ஒப்புக்கொள்வது தன் தோட்டத்தின் பெறுமதியைத் தானே குறைத்துக்கொள்வதாகும். ஓர் உண்மையை ஏற்பதால் எவன் பேரிழப்பு அடைவானோ, அவன் அதற்குக் கேட்கும் சான்றின் அளவும் வளர்ந்துகொண்டே செல்லும். எத்தகைய சான்று கிடைத்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வான் என்பதை அவன் கூறுவதில்லை. இலைத்துரு வாதத்தின் மையம் இதுவே எனலாம்.

மார்ஷல் வார்டும் அவரது விடையும்

1870களின் இறுதியிற் பேராதனையில் உதவிப் பணிப்பாளராயிருந்த டானியல் மொரிஸ், கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த தூளைப் பயன்படுத்திப் பரிசோதனைகள் நடத்தினார். துரைமாரிடையே நம்பிக்கை துளிர்த்தது. அவர் 1879இல் யமேக்காவுக்கு மாற்றலாகிச் செல்ல, அடுத்த ஆண்டில் ஹென்றி மார்ஷல் வார்ட் இந்நோயை ஆராய்வதற்கென இரண்டாண்டுகளுக்கு நியமிக்கப்பட்டு வந்து சேர்ந்தார். அப்போது அவர் இருபத்தாறு வயதளவினர். அதே 1880ஆம் ஆண்டிலேயே கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டது. கோப்பியை ஏற்றிச் செல்லும் நோக்கோடு அமைந்த பாதை, கோப்பி அழியத் தொடங்கிய பின்னரே மாத்தளையை எட்டியது.

வார்ட் நலமான இலையில் நீர்த்துளியோடு வித்திகளை இட்டு நோயை உண்டாக்கிக் காட்டினார். முளைத்த வித்தியின் இழை இலைவாய்களினூடாக உள்ளே புகுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். தோட்டங்களிற் கண்ணாடித் தகடுகளை வைத்து, காற்றில் மிதந்து வரும் வித்திகளைப் பிடித்தார். மழைக்கு இதில் இடமுண்டு, ஆனால் அது முளைப்பதற்குத் துணை செய்வதேயன்றி நோயைத் தோற்றுவிப்பதன்று என விளக்கினார். இவ்வாறு துரைமாரின் அவதானத்தை மறுக்காமலே அவர்களது முடிபைத் திருத்தினார். மலைமேல் மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நாட்டியமையே நோய்க்கு வழி திறந்தது என்றும் அவர் சுட்டிக்காட்டினார். இலைக்குள் பங்கசு புகுந்த பின் மேலே தூவும் மருந்தாற் பயனில்லை, தூவுவதாயின் வித்தி முளைப்பதற்கு முன்னரே தூவ வேண்டும் என்பது அவரது முடிபு.

துரைமார் எதிர்பார்த்தது மருந்து. அவர்களுக்குக் கிடைத்ததோ விளக்கம். வார்டின் அறிக்கைகள் அவர்களுக்கு ஏமாற்றத்தையே அளித்தன. அறிதல் வேறு, குணப்படுத்தல் வேறு. காரணத்தை அறிந்த ஒருவன் பரிகாரம் தனக்குத் தெரியாது என நேர்மையோடு ஒப்புக்கொண்டால், அந்நேர்மையே அவனது அறிவுக்கு எதிரான சான்றாகக் கொள்ளப்படுகிறது. பரிகாரம் உண்டெனச் சாதிப்பவனோ காரணத்தை அறியாதவனாயினும் கூட்டத்தைத் தன்பால் ஈர்க்கிறான். பின்னாளிற் கேம்பிரிட்ஜில் தாவரவியற் பேராசிரியராய் விளங்கிய வார்டின் இளமைக்கால ஆய்வு, தாவர நோயியலின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. செப்பு உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைப் பிரான்சின் மில்லார்டே 1885இல் அறிவித்தார். நோய் வருமுன் தூவுதல் என்ற கொள்கையே அதன் பயன்பாட்டுக்கும் ஆதாரமாயிற்று. ஆனால் அதற்குள் இலங்கைக் கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

மற்றொரு நம்பிக்கை

அக்காலத்து ஆங்கிலேயர் எழுத்துக்களில் மூடநம்பிக்கை என்ற சொல் பெரும்பாலும் கூலிகள் எனப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்கே உரியதாயிற்று. வாந்திபேதியையும் அம்மையையும் தெய்வத்தின் வருகையாகக் கண்டமை அதற்குச் சான்றாயிற்று. அந்நம்பிக்கை விஞ்ஞானமன்று. அதனை விஞ்ஞானமெனப் போற்றுவது இன்று நம்மிடையே காணப்படும் வேறொரு மயக்கம். ஆயின் அதே காலத்தில் கற்றோர் எதனை நம்பினர் என்பதையும் நோக்குதல் வேண்டும். இலண்டனில் ஜோன் ஸ்னோ 1854இலேயே வாந்திபேதிக்கும் குடிநீருக்குமுள்ள தொடர்பைக் காட்டியிருந்தும், இந்திய அரசின் சுகாதார ஆணையாளராயிருந்த கனிங்ஹாம் 1880கள் வரை அந்நோய் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவதை மறுத்து வந்தார். நோயைக் காற்றின் மீதும் மண்ணின் மீதும் சாட்டியவருக்கும் தெய்வத்தின் மீது சாட்டியவருக்கும் இடையே அறிவின் தூரம் நாம் எண்ணுமளவு பெரிதன்று. ஒருவரது நம்பிக்கை 'அபிப்பிராயம்' எனப்பட்டது, மற்றவரது நம்பிக்கை 'மூடத்தனம்' எனப்பட்டது. பத்திரிகையில் எழுதும் வாய்ப்பு முன்னவருக்கே இருந்தது.

விலை கொடுத்தோர்

1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்துக் கோடி இறாத்தலாயிருந்த கோப்பி ஏற்றுமதி, 1889ஆம் ஆண்டளவில் ஐம்பது இலட்சம் இறாத்தலாகச் சுருங்கிற்று. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் வீழ்ந்தது. துரைமாருட் பலர் நொடித்தனர். ஆயினும் அவர்களுக்குப் பேசக் களமிருந்தது, மாறிச் செல்லப் பயிர்களும் இருந்தன. சிங்கோனா, தேயிலை, மாத்தளையிற் சிறப்பாகக் கொக்கோ என அவர்கள் மாறினர். தொழிலாளரோ பல தோட்டங்களிற் சம்பள நிலுவையோடு கைவிடப்பட்டனர். அந்நிலுவையை அறவிட வழிசெய்யுமாறு 1884இல் சட்டம் இயற்ற நேர்ந்தமையே அவர்களது நிலையை எடுத்துரைக்கும். கந்தகத் தூளைச் சுமந்து தூவிய கைகள் அவர்களுடையவை. அத்தூளாற் பயனுண்டா என்ற வாதத்தில் அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, ஐயம் என்பது தன்னளவில் விஞ்ஞான மனப்பான்மையாகிவிடாது. துரைமாரும் ஐயுற்றனர், வார்டும் ஐயுற்றார். துரைமாரின் ஐயம் தமக்கு ஒவ்வாத கூற்றின் மீது மட்டுமே பாய்ந்தது. வார்டின் ஐயம் தன் சொந்த முடிபையும் சோதனைக்கு உட்படுத்தியது. இரண்டாவது, பிழையான நம்பிக்கையின் விலையை அதனை நம்பியவனே செலுத்துவான் என்ற நியதி இல்லை. அது பெரும்பாலும் வாதத்தில் இடம்பெறாதவனின் தலையிலேயே விழுகிறது.

இப்பாடம் பழங்கதையாகிவிடவில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி சடுதியாகத் தடைசெய்யப்பட்டபோது, விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தும் நம்பிக்கையே கொள்கையாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது, பேசியவர் பேசி முடித்திருந்தனர். தம்புள்ளையின் மரக்கறிச் செய்கையாளரும் மலைநாட்டின் கொழுந்து பறிப்போரும் விளைவைச் சுமந்துகொண்டிருந்தனர். ஆகவே வாதமொன்றைக் கேட்கும் மாணவர் இரு வினாக்களை எழுப்பப் பழகுதல் நன்று. எத்தகைய சான்று கிடைத்தால் உமது கருத்தை மாற்றிக்கொள்வீர்? உமது கருத்துப் பிழைத்தால் அதன் விலையைச் செலுத்துபவர் யார்? முதலாவது வினா வார்டின் ஆய்வு நமக்குக் கற்பித்தது. இரண்டாவது வினா, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தோரின் மௌனத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது.