ஒரு பனியாற்றுக்கு இரங்கல்

ஐஸ்லாந்தில் 'ஓக்' என்றொரு பனியாறு இருந்தது. பனியாறு என்றால் தன் எடையாலேயே மெல்ல நகர வேண்டும். ஓக் உருகி மெலிந்து அந்த வலுவை இழந்தது. அது இறந்துவிட்டதென 2014-இல் பனியாற்று ஆய்வாளர் ஒட்டுர் சிகுர்ட்சன் அறிவித்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை!

அமெரிக்க மானிடவியலாளர்கள் சிமீன் ஹோவும் டொமினிக் போயரும் 2018-இல் ஓக் பற்றி ஆவணப்படம் எடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் பலரைத் திரட்டி மலையேறி, மனிதருக்கு வைப்பதுபோல் நினைவுப் பலகை பதித்தார்கள். நாட்டின் பிரதமரும் வந்திருந்தார். பலகையில் இருந்தது, எழுத்தாளர் ஆண்ட்ரி ஸ்னேர் மாக்னசன் வருங்காலத்தவருக்கு எழுதிய கடிதம். அதனடியில் காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடின் அளவு: பத்து லட்சத்தில் 415 பங்கு. செய்தி உலகெங்கும் பரவியது.

இந்த ஐந்து ஆண்டுகளில் அறிவியல் மாறவில்லை, சொன்ன விதம்தான் மாறியது. அறிக்கையைப் புரட்டாதவர்கள்கூட இழவுச் செய்தி என்றால் நின்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் கலைந்துபோனால், அடுத்த பனியாற்றுக்கும் பலகை தயார் செய்ய வேண்டியதுதான்.