மின்மானியும் மக்கள் அச்சமும்

1891ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவர் வாழும் வெள்ளை மாளிகையில் முதன் முதலாக மின்விளக்குகள் பொருத்தப்பட்டன. அப்போது தலைவராக வீற்றிருந்தவர் பெஞ்சமின் ஹாரிசன். நாட்டின் படைகளுக்கெல்லாம் தலைவராகிய அவரும், அவருடைய துணைவியாரும் சுவரிலிருந்த விசையைத் தொட அஞ்சினர். கம்பி பொருத்த வந்து, பின்னர் அங்கேயே வேலைக்கு அமர்ந்துவிட்ட ஐக் ஹூவர் என்னும் இளைஞர் மாலையில் விளக்குகளை ஏற்றிவிட்டுச் செல்வார். மறுநாட் காலையில் அவர் திரும்பி வந்து அணைக்கும் வரை அவை எரிந்துகொண்டே இருக்கும். பிற்காலத்தில் அவரே இதனை எழுதி வைத்திருக்கிறார்.

இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1889 அக்டோபர் 11ஆம் நாள், நியூ யார்க் நகரில் கம்பத்தின் மேலேறி வேலை செய்துகொண்டிருந்த ஜான் ஃபீக்ஸ் என்னும் தொழிலாளி, மின்சாரம் பாய்ந்து, தெருவில் கூடி நின்ற மக்களின் கண்ணெதிரே கம்பிகளுக்கிடையே கருகி மாண்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதே மாநிலம் மின்சாரத்தைக் கொண்டே ஒரு குற்றவாளிக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. இவற்றை நாளிதழ்களில் படித்தறிந்த ஒரு குடும்பம் விசையைத் தொட அஞ்சியதில் வியப்பென்ன? அன்றைய அச்சம் அறியாமை மட்டுமன்று. கண்டறிந்த ஆபத்தின் நிழலும் அதில் இருந்தது.

ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து, அதே அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மக்கள் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்ட ஒரு மின்மானியைக் கண்டு அஞ்சினர். இவ்வச்சத்தை ஆராய்வோர் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். அச்சத்துக்கு அடிப்படை உண்டா என்பது ஒன்று. அஞ்சியவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை ‘இல்லை’ என்றாகிவிட்டால் இரண்டாவதைக் கேட்கவே வேண்டியதில்லை என்று மின்சாரக் கம்பெனி நினைத்தது. தொல்லையெல்லாம் அதிலிருந்துதான் வளர்ந்தது.

துத்தநாகத் தகடு முதல் சுழலும் தட்டு வரை

மின்சாரத்தை விற்பவருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அரிசியைப் படியால் அளக்கலாம். எண்ணெயை உழக்கால் அளக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை எதனால் அளப்பது? 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூ யார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையத்தைத் திறந்த தாமஸ் எடிசன், முதற் சில மாதங்கள் கட்டணமே வாங்கவில்லை. முதற் கணக்குச் சீட்டு 1883 ஜனவரியில்தான் சென்றது. அதன் தொகை 50 டாலர் 40 செண்டு.

அவர் அமைத்த மானியை இன்று காண்போர் மருந்துக் கடைப் பொருள் என்றே எண்ணுவர். துத்தநாக உப்புக் கரைசல் நிறைந்த கண்ணாடிக் குப்பியில் இரண்டு துத்தநாகத் தகடுகள் நிற்கும். வீட்டுக்குச் செல்லும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கு அதன் வழியே செல்லும். ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். மாதந்தோறும் கம்பெனி ஆள் வந்து தகடுகளை எடுத்துச் சென்று நிறுத்துப் பார்த்துத் தொகையைக் கணக்கிடுவர். குளிர்காலத்தில் கரைசல் உறையாதிருக்க உள்ளே ஒரு சிறு விளக்கும் எரியும். வீட்டுக்காரரோ தம் செலவு எவ்வளவு என்பதைத் தம் கண்ணால் அறிய வழியில்லை. தராசு கம்பெனியின் அறையில் இருந்தது.

இந்நிலையை மாற்றியது சுழலும் தட்டு. 1888இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆலிவர் ஷாலன்பர்கர், தாம் ஆராய்ந்துகொண்டிருந்த விளக்கினுள் தவறி விழுந்த ஒரு சுருள்வில் தானே சுழலக் கண்டு, அதிலிருந்து ஒரு மானியை உருவாக்கினார். மறு ஆண்டே புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் ஒட்டோ பிளாத்தி இன்னும் செம்மையான மானியைச் செய்தார். அதன் எடை 23 கிலோகிராம். அந்த வழியில் வந்தவைதாம் வீட்டு வாயிலில் அனைவரும் கண்ட மானிகள்: இரு கம்பிச் சுருள்களுக்கிடையே ஓர் அலுமினியத் தட்டு, மின் செலவு மிகுந்தால் விரைந்தும், குறைந்தால் மெதுவாகவும் அது சுழலும், பற்சக்கரங்கள் எண்களை நகர்த்தும். விளக்கை அணைத்தால் தட்டின் வேகம் தளர்வதைப் பள்ளிப் பிள்ளையும் பார்க்கலாம். நூறாண்டுக்கு மேல் இந்தத் தட்டு மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்ததற்கு அதன் துல்லியம் மட்டும் காரணமன்று. அதன் வேலை வெளியில் தெரிந்ததும் ஒரு காரணம்.

ஸ்மார்ட் மீட்டர் எனப்படும் திறன் மின்மானியில் சுழலும் தட்டு இல்லை. செலவை மணிக்கு மணி குறித்து வைத்து, வானொலி அலை வழியாகத் தானே கம்பெனிக்கு அனுப்பிவிடும். மீட்டர் பார்க்க ஆள் வரவேண்டியதில்லை. வீட்டில் எப்போது ஆள் உண்டு, எப்போது இல்லை என்பதையும் அக்கணக்கைக் கொண்டு ஊகிக்கலாம். நெதர்லாந்தில் இதனைக் கட்டாயமாக்க வந்த சட்டத்தை 2009இல் மேலவை ஏற்க மறுத்தது இதனாற்றான்.

கலிபோர்னியாவில் நடந்தது

வடக்கு, நடுக் கலிபோர்னியாவுக்கு மின்சாரம் வழங்கும் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனி 2006இல் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரில் புதிய மானிகளை மாட்டத் தொடங்கியது. முதலில் எழுந்த முறையீடு உடல்நலம் பற்றியதன்று, பணம் பற்றியது. 2009ஆம் ஆண்டுக் கோடையில் கட்டணச் சீட்டுகள் திடீரென ஏறின. மக்கள் நீதிமன்றம் சென்றனர். அரசாங்கம் அமர்த்திய வெளியார் குழு 2010 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. சோதித்த மானிகள் சரியாகவே அளந்தன என்றும், வெப்ப அலையும் கட்டண உயர்வும் சேர்ந்தே சீட்டை ஏற்றின என்றும் அக்குழு கூறியது. அத்துடன் நிற்கவில்லை, முறையிட்ட வாடிக்கையாளர்களுக்குக் கம்பெனி முறையாக விடையளிக்கவில்லை என்றும் குறித்தது.

அதே செப்டம்பர் மாதம் 9ஆம் நாள், சான் புரூனோ என்னும் ஊரில் அதே கம்பெனியின் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் மாண்டனர். 38 வீடுகள் அழிந்தன. மானிக்கும் குழாய்க்கும் தொடர்பில்லைதான். ஆயினும் ‘இது பாதுகாப்பானது’ என்று அக்கம்பெனி சொன்ன சொல்லுக்கு அதன் பின்னர் என்ன மதிப்பு இருந்திருக்கும்?

தலைவலி, உறக்கமின்மை, காதில் இரைச்சல், நெஞ்சுப் படபடப்பு ஆகியவை புதிய மானி வந்த பின்னரே வந்தன என்று பலர் கூறினர். நவம்பரில் நடந்த ஒன்று நெருப்பில் நெய் வார்த்தது. மானித் திட்டத்துக்குப் பொறுப்பான கம்பெனி அதிகாரி ஒருவர், எதிர்ப்பாளர்களின் கலந்துரையாடல் குழுவில் பொய்ப் பெயரில் நுழைய முயன்று அகப்பட்டுப் பதவி விலகினார். டிசம்பர் இறுதியில், மரின் வட்டாரத்து மக்கள் மானி ஏற்றி வந்த வண்டிகளை மறித்தனர். பெண்கள் இருவர் கைதாயினர். 2011 ஜனவரியில் அவ்வட்டார ஆட்சி மன்றம் மானி மாட்டுவதற்குத் தடை விதித்தது. ஆனால் மின்சாரக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநில ஆணையத்தின் கையில் இருந்தமையால், ஊர்மன்றங்களின் தடைகள் வெற்றுத் தாளாகவே நின்றன.

அறிவியல் கூறுவது

அம்மானிகளின் அலைபரப்பி ஏறத்தாழ ஒரு வாட் வலிமை உடையது. காதோடு ஒட்டி வைக்கும் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால், வெளிச்சுவரிலிருந்து வீட்டினுள் வந்து சேரும் அலை மிகச் சிறிது. தொலைவு இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகக் குறையும். கலிபோர்னியா அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 2011இல் இதனை ஆராய்ந்து, வீட்டிலுள்ள பல கருவிகளைவிட இம்மானியால் உடலிற் படும் அலை குறைவே என்றது. உடலைச் சூடாக்கும் விளைவிலிருந்து நடப்பு விதிகள் போதிய காப்பளிக்கின்றன என்றும், அதற்கு அப்பாற்பட்ட தீமை எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் முடிவு கூறியது.

அவ்வாண்டு மே மாதம் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வானொலி அலைகளை ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. எதிர்ப்பாளர் இதனைப் பெரிதும் எடுத்துக்காட்டினர். ஆயினும், அப்பிரிவு ‘ஐயம் முற்றும் நீங்கவில்லை’ என்று பொருள்படுமேயன்றித் தீமை உறுதி என்று பொருள்படாது. ஆசிய நாடுகளில் மரபு முறையில் ஊறவைக்கும் காய்கறிகளும் அதே பட்டியலில் உள்ளன.

தலைவலிக்காரர்களின் செய்தி இதனினும் நுட்பமானது. மின் அலையால் உடல் வருந்துகிறது என்போர் 725 பேரைக் கொண்டு நடந்த 31 சோதனைகளை இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் மூவர் 2005இல் தொகுத்துப் பார்த்தனர். கருவி இயங்குகிறதா, இல்லையா என்பதை மறைத்து வைத்தபோது, வருந்துவோர் அதனை உணர்ந்தறிந்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. இயங்காத கருவியின் அருகிலும் வலி வந்தது. அச்சோதனைகள் கைத்தொலைபேசி, கணினித் திரை போன்றவற்றைப் பற்றியவை. மின்மானியைப் பற்றியவை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் கூறியதும் கருதத்தக்கது: காரணம் அலையென்று காட்ட இயலாவிடினும், இவர்கள் படும் துன்பம் மெய்யானது, சிலரை அது முடக்கிவிடவும் கூடும். ‘உன் வலிக்குக் காரணம் அதுவன்று’ என்பது ஒரு சொல். ‘உனக்கு வலியே இல்லை’ என்பது முற்றிலும் வேறொரு சொல். மருத்துவரும் ஆசிரியரும் அறிந்த இவ்வேறுபாட்டை மின்சாரக் கம்பெனி அறியவில்லை.

45 நொடியும் 10,000 தடவையும்

மானி ஒரு நாளில் மொத்தம் 45 நொடிகளே அலை பரப்புகிறது என்று கம்பெனி கூறி வந்தது. மக்கள் ஏதோ ஒரு முறை முக்கால் நிமிடம் இயங்கி ஓய்ந்துவிடும் என்று புரிந்துகொண்டனர். 2011 நவம்பரில், விசாரணை நீதிபதி கேட்டதன் பேரில் கம்பெனி முழு விவரத்தை அளித்தது. அந்த 45 நொடி, சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 சிறு துடிப்புகளாகச் சிதறிக் கிடந்தது. சில மானிகளில் துடிப்புகள் 190,000 வரை சென்றன. ஒரு மானி அண்டை மானிகளின் செய்திகளையும் வாங்கிக் கடத்துவதே அதற்குக் காரணம். 45 நொடி என்பதும் மெய். 10,000 என்பதும் மெய். படும் அலையின் அளவும் இதனால் கூடிவிடவில்லை. இரண்டையும் தொடக்கத்திலேயே சேர்த்துச் சொல்லியிருந்தால் கேட்டவர் கணக்குப் போட்டு அமைதியடைந்திருக்கக் கூடும். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை நீதிபதி கேட்கும் வரை வைத்திருந்ததால், முதலிற் சொன்னதும் பொய்யாகத் தோன்றிவிட்டது.

2011 மார்ச்சில் மாநில ஆணையத்தின் தலைவர், வேண்டாதவருக்கு விலக்களிக்கும் திட்டம் ஒன்றை இரண்டு வாரத்துக்குள் வகுக்குமாறு கம்பெனியைப் பணித்தார். 2012 பிப்ரவரி 1ஆம் நாள் விலக்கு நடைமுறைக்கு வந்தது. பழைய தட்டு மானியை வைத்துக்கொள்ள விரும்புவோர் முதலில் 75 டாலரும் பிறகு மாதந்தோறும் 10 டாலரும் செலுத்த வேண்டும். வருவாய் குறைந்தோருக்கு முதலில் 10 டாலர், மாதம் 5 டாலர். நோய்க்கு அஞ்சுவோரிடம் தண்டமா என்று பலர் சினந்தனர். 2014 டிசம்பரில் ஆணையம் அந்த மாதக் கட்டணத்தை மூன்றாண்டுகளுக்கு மேல் வாங்கலாகாது என்று வரையறுத்தது. மாதக் கட்டணம் எதற்கு என்று கேட்டவர்களுக்குக் கம்பெனி கூறிய விடை எளியது: அவ்வீடுகளில் பழையபடி தட்டு சுழலும், அதன் எண்களைக் குறித்துச் செல்ல ஓர் ஆள் நடந்து வரவேண்டும்.