பரணில் ஒளிஞ்சிருந்த ரசிகன்

1992ஆம் ஆண்டு. லண்டனில் பழம்பொருட்கள் விற்கிற ஒரு சின்னக் கடை. ஒரு அமெரிக்க இளைஞன் தயங்கித் தயங்கி உள்ளே வருகிறான். பழைய கதிரையோ மணிக்கூடோ வாங்க வரவில்லை. அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் ஒரே ஒரு விசயம்தான் கேட்கவேணும்: உங்கட முதல் இசைத்தட்டு எங்கயாவது கிடைக்குமா?

அந்தப் பெண் அனா ட சில்வா. பெயரைப் பார்த்து எங்கட நாட்டு ஆள் எண்டு நினைக்கவேண்டாம். அவர் போர்த்துக்கலின் மடெய்ரா தீவைச் சேர்ந்தவர். 'தி றெயின்கோட்ஸ்' என்ற இசைக்குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவர். கேட்டு வந்தவன் கேர்ட் கோபேன். அந்த வருசம் ஜனவரியில்தான் அவனுடைய நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' அல்பம், மைக்கல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' அல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலாம் இடத்துக்கு வந்திருந்தது. உலகம் முழுக்க இளசுகள் அவனுடைய படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் வேற யாரோ ஒருவரின் ரசிகனாய்த் தெருத் தெருவாய்த் திரிஞ்சிருக்கிறான்.

றெயின்கோட்ஸ் யார்? 1977இல் லண்டனில் ஹோர்ன்சி கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அனாவும் ஜினா பேர்ச்சும் தொடங்கிய குழு அது. பங்க் இசை வெடித்துக் கிளம்பிய காலம். 'தி ஸ்லிட்ஸ்' என்ற பெண்கள் குழு மேடையில் நிற்பதைப் பார்த்ததும், எங்களாலும் ஏலும் எண்டு இவைக்கும் தோன்றியது. வாத்தியத்தில் கைதேர்ந்த பிறகு மேடை ஏறுவோம் எண்டு காத்திருக்கவில்லை. மேடை ஏறி ஏறித்தான் பழகினார்கள். 1979இல் றஃப் றேட் நிறுவனம் வெளியிட்ட முதல் அல்பத்தில் விக்கி அஸ்பினோலின் வயலினும், ஸ்லிட்ஸில் இருந்து வந்த பாமோலிவின் டிரம்ஸும் சேர்ந்துகொண்டன. தாளம் சில இடங்களில் தடுமாறும், குரல்கள் ஒன்றில் ஒன்று மோதும். அதை அவர்கள் மூடி மறைக்கவில்லை. மூன்று அல்பங்களோடு 1984இல் குழு கலைந்தது. பிறகு அந்த இசைத்தட்டுகள் கடையிலும் இல்லை, அச்சிலும் இல்லை.

இது அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஒரு பெடியனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? கோபேன் 1967இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் என்ற ஊரில் பிறந்தவன். மரத்தொழிலை நம்பி இருந்த, 'ஆம்பிளை எண்டால் இப்படித்தான்' எண்டு சொல்லுற ஊர். அங்கிருந்து தப்பி 1987இல் ஒலிம்பியாவுக்குப் போனான். அது கல்லூரி நகரம். கே றெக்கோர்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தைச் சுற்றி ஒரு நட்பு வட்டம் இருந்தது. பெரிய கொம்பனிகள் கண்டுகொள்ளாத இசையை அவர்கள் கசற்றில் பதிந்து கைமாற்றினார்கள். திறமையைக் காட்டுறது அங்கே முக்கியம் இல்லை. மனசில் இருக்கிறதை வாசிச்சால் போதும். அந்த வட்டத்தின் மீதிருந்த பற்றில் கே நிறுவனத்தின் சின்னத்தைத் தன் கையிலேயே பச்சை குத்திக்கொண்டான் கோபேன்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேணும். பாட்டுக் கட்டுகிற விதத்தை அவன் எடுத்தது பிக்சீஸ் குழுவிடம். மெதுவாய்த் தொடங்கி, திடீரெண்டு கத்தி வெடிக்கிற அந்த அமைப்பு அவர்களுடையது. 'ஸ்மெல்ஸ் லைக் ரீன் ஸ்பிரிற்' பாட்டில் தான் பிக்சீஸைத்தான் கொப்பி அடிக்கப் பார்த்தேன் எண்டு 1994இல் றோலிங் ஸ்டோன் பேட்டியில் அவனே ஒத்துக்கொண்டான். றெயின்கோட்ஸின் வயலினோ தாளமோ நிர்வாணா பாட்டுகளில் கேட்காது. அவர்களிடம் அவன் எடுத்தது துணிச்சல். பலவீனமாய் நிற்கலாம், பிழை விடலாம், அதுவும் இசைதான் என்ற துணிச்சல்.

திரும்பவும் அந்தக் கடைக்கு வருவோம். அனாவிடம் அண்டைக்கு இசைத்தட்டு இல்லை. ஆனால் சில கிழமைகளுக்குப் பிறகு தபாலில் ஒரு பொதி வந்தது. உள்ளே அந்த இசைத்தட்டு, கையாலே செய்த உறை, குழுவினரின் கையெழுத்துகள், ஒரு கடிதம். 1992 டிசம்பரில் வந்த நிர்வாணாவின் 'இன்செஸ்டிசைட்' அல்பக் குறிப்பில் இந்தக் கதையை அவன் விலாவாரியாய் எழுதினான். ஆயிரக்கணக்கானோர் முன்னால் வாசித்ததை விட அந்தப் பொதி தனக்குப் பெரிய சந்தோசம் தந்தது எண்டும் சொன்னான். அதே குறிப்பில், இனவாதிகளும் பெண்களை வெறுப்பவர்களும் தற்பால் விருப்புள்ளோரை வெறுப்பவர்களும் எங்கட நிகழ்ச்சிக்கு வரவேண்டாம் எண்டு தன் ரசிகர்களுக்கே எழுதினான். இரண்டும் ஒரே தாளில் இருப்பது தற்செயல் இல்லை. புகழோடு சேர்ந்து, தான் ஓடி வந்த அபர்டீனின் முரட்டுக் கூட்டமும் தன் பின்னால் வந்து நிற்பதை அவன் கண்டுவிட்டான்.

1993இல் றெயின்கோட்ஸின் அல்பங்கள் மறுபடி வெளிவந்தன. அமெரிக்காவில் வெளியிட்டது நிர்வாணாவின் அதே நிறுவனம். முதல் அல்பத்துக்கு முன்குறிப்பு எழுதியது கோபேன். அதில் தன்னை எங்கே வைக்கிறான் தெரியுமா? ஒரு பழைய வீட்டின் பரணில் ஒளிஞ்சிருந்து, கீழே அவர்கள் வாசிப்பதை மூச்சுக் காட்டாமல் கேட்கிற ஆளாய். அசைஞ்சால் எல்லாம் கெட்டுப்போகும் எண்டு பயப்படுகிற ஆளாய்.

1993 நவம்பர் 18இல் எம்.ரி.வியின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியிலும் இதே குணம்தான். வாசித்த 14 பாட்டுகளில் 6 மற்றவர்களுடையவை. விருந்தினராய் அவன் கூப்பிட்டது, வெளியே கனபேருக்குத் தெரியாத மீற் பப்பற்ஸ் குழுவின் சகோதரர்களை. அவர்களுடைய மூன்று பாட்டுகளை அவர்களையே பக்கத்தில் இருத்திப் பாடினான். ஸ்கொட்லாந்தின் வாசலைன்ஸ் குழு அறியப்பட்டதும் அவன் அவர்களின் பாட்டுகளைப் பாடியதால்தான்.

ஆனாலும் எனக்குள்ள ஒரு நெருடல் இருக்கு. பெண்கள் 1979இலேயே செய்து வைத்த வேலை திரும்ப வெளிச்சத்துக்கு வர, ஒரு புகழ்பெற்ற ஆணின் கையெழுத்து ஏன் தேவைப்பட்டது? இது கோபேனின் பிழை இல்லை, இசைத்துறை நடக்கிற முறை. அவன் அந்த முறையை மாற்றவில்லை. தன் பங்குக்கு, தன்மேல் விழுந்த வெளிச்சத்தை அவர்கள் பக்கம் திருப்பினான். 'நான் கண்டுபிடித்த குழு' எண்டு பெருமை பேசவும் இல்லை.

1994 ஏப்ரலில் பிரித்தானியாவில் நிர்வாணாவோடு றெயின்கோட்ஸும் மேடை ஏறுவதாய் இருந்தது. ஏப்ரல் 5இல், 27 வயதில், கோபேன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தப் பயணம் நடக்கவேயில்லை. ஆனால் அதற்காய் மறுபடி கூடியவர்கள் கலையவில்லை. 1996இல் 'லுக்கிங் இன் தி ஷாடோஸ்' என்ற புது அல்பத்தை வெளியிட்டார்கள். 12 வருசத்துக்குப் பிறகு வந்த நாலாவது அல்பம்.

நிர்வாணா ரீசேர்ட் போட்ட ஆக்கள் எங்கட ஊரிலும் இருக்கினம். அடுத்த முறை 'நெவர்மைண்ட்' கேட்டு முடிஞ்ச கையோட றெயின்கோட்ஸின் முதல் அல்பத்தையும் ஒருக்காப் போட்டுக் கேளுங்கோ. முதல் தரம் கேட்கேக்க காதுக்குக் கொஞ்சம் இடறும். பரவாயில்லை, அசையாமல் இருந்து கேளுங்கோ.