பாவமன்னிப்பும் பலியும்

பிறமதக் கொள்கையொன்றை ஆராயப் புகுவோர், அதனை அம்மதத்தார் தாமே 'இதுவே எங்கள் கருத்து' என்று உடன்படுமாறு முதற்கண் எடுத்துரைத்தல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் ஒவ்வொரு மதத்தின் கூற்றையும் முன்னிறுத்திப் பின்னரே மறுப்பைத் தொடங்கியது இம்முறை பற்றியேயாம். 'பாவம் நீங்குதற்குப் பலி இன்றியமையாதது' என்னுங் கிறித்தவக் கொள்கை திறத்தில் இம்முறை பலராலும் கைக்கொள்ளப்பட்டிலது. சினந்த கடவுள் குற்றமற்ற ஒருவன் குருதியைக் கண்டு தணிந்தார் என்பதே அக்கொள்கையென்று ஒருசாரார் எள்ளுவர். கடன் முழுதும் பிறனொருவனால் தீர்ந்தமையின் இனிச் செய்யத்தக்கது யாதுமில்லை என்று அம்மதத்தாருள்ளேயே ஒருசாரார் எளிதாகக் கூறிவிடுவர். இவ்விரண்டும் அக்கொள்கையின் முழுவடிவம் அல்ல. அதனை அறிதற்கு அதன் வரலாற்றை அடிதொட்டு நோக்குதல் வேண்டும்.

கிறித்தவர் பழைய ஏற்பாடென்று போற்றும் எபிரேய வேதத்துள், லேவியராகமம் என்னும் பகுதி பலிகளின் விதிகளைக் கூறுவது. ஒருவன் அறியாமையாற் பிழை செய்தானாயின், தன் ஆட்டைக் கொணர்ந்து, அதன் தலைமேற் கையை வைத்து, அதனைக் கொல்லல் வேண்டும்; ஆசாரியன் அதன் குருதியைப் பலிபீடத்தின் கொம்புகளிற் பூசி, எஞ்சியதைப் பீடத்தின் அடியில் ஊற்றுவான். இதனோடு ஆண்டிற்கொருமுறை, ஏழாம் மாதத்துப் பத்தாம் நாளில், மக்கள் அனைவர்க்கும் பொதுவான பாவநிவிர்த்திச் சடங்கு நிகழும். அன்று இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் நிறுத்தப்படும். ஒன்றைக் கொன்று, அதன் குருதியைத் தலைமை ஆசாரியன் திரைக்கு உள்ளே கொண்டுசென்று கிருபாசனத்தின்மீது தெளிப்பான். மற்றொன்றின் தலைமேல் இரு கைகளையும் வைத்து மக்கள் பாவங்களை அறிக்கையிட்டு, அதனைப் பாலைநிலத்துக்குப் போக்கிவிடுவர். தமிழ் விவிலியம் இதனைப் 'போக்காடு' என்னும்.

இவ்விதிகளுட் கருதத்தக்கன நான்குள. முதலாவது, பாவத்தைச் சுமக்கும் ஆடு கொல்லப்படுவதன்று. கொல்லப்படும் ஆட்டின் குருதி திருவிடத்தைத் தூய்மை செய்தற்கே பயன்படுகின்றது. எனவே, குற்றவாளிக்கு உரிய தண்டனையை விலங்கின்மேல் ஏற்றிக் கொல்லுதலே பலியென்று கொள்ளுதற்கு இச்சடங்கு இடந்தரவில்லை. இரண்டாவது, ஆடு கொடுக்க மாட்டாதவன் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம்; அதற்கும் ஆற்றாத வறியவன் சிறிதளவு மாவைக் கொடுத்தல் போதும் என அவ்வேதமே கூறுகின்றது. மாவிற் குருதி இல்லை. ஆயினும் அவனுக்கும் மன்னிப்பு உண்டு. மூன்றாவது, கடவுளைப் பொருட்படுத்தாது துணிந்து செய்த பாவத்திற்கு இத்தகைய பலியாற் கழுவாய் இல்லை என்பது எண்ணாகமத்தின் விதி. நான்காவது, இவையெல்லாவற்றினுஞ் சிறந்தது: உயிர் குருதியில் உள்ளது, அதனைப் பீடத்தின்மேற் பாவநிவிர்த்திக்காக உங்கட்கு நானே தந்தேன் என்று கடவுள் கூறுவதாக லேவியராகமத்துப் பதினேழாம் அதிகாரம் உரைக்கின்றது. பலி மக்கள் கடவுளுக்குக் கொடுக்குங் கையூட்டு அன்று. தம்மை அணுகுதற்குக் கடவுள் மக்கட்குக் கொடுத்த வழி என்பது இதன் கருத்து.

இக்கருத்து மறக்கப்பட்டுச் சடங்கு மட்டும் மிகுந்தபோது, அம்மக்களுள்ளே தோன்றிய ஓசியா, ஏசாயா, மீகா என்னும் தீர்க்கதரிசிகள் அதனைக் கடிந்தனர். நீதியும் இரக்கமும் இல்லாதவிடத்துக் கொழுத்த விலங்குகளின் பலியைக் கடவுள் விரும்பார் என்பது அவர்தம் அறிவுரை. ஆகவே பலியைப் பற்றிய ஐயம் புறமதத்தார் எழுப்பியது மட்டுமன்று; அவ்வேதத்துள்ளேயே எழுந்ததாம்.

கி.பி. 70-ஆம் ஆண்டில் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். அதனோடு ஆலயப் பலியும் ஒழிந்தது. அதன்பின் யூத சமய ஆசிரியர் பச்சாத்தாபம், பிரார்த்தனை, ஈகை என்பவற்றாற் பாவம் நீங்குமென்று நிறுவினர். யோகனான் பென் சக்காய் என்னும் ஆசிரியர், இடிந்த ஆலயத்தைக் கண்டு வருந்திய மாணாக்கரை நோக்கி, அன்புச் செயலே பலிக்கு நிகரான கழுவாய் என்று ஓசியாவின் வாக்கை மேற்கோள் காட்டித் தேற்றினார் என்பது அவர்தம் மரபு. இவ்வாறு அவ்வேதத்தை முதலாகக் கொண்ட ஒரு சமயம் பலியின்றியே மன்னிப்பைப் பேணி இன்றுகாறும் நிலவுகின்றது.

கிறித்தவர் சென்ற நெறி வேறு. ஆலயம் அழியுமுன்னரே பவுல் அடிகள் தம் நிருபங்களில் இயேசுவின் மரணத்தைப் பலிச்சொற்களால் விளக்கியிருந்தார். உரோமருக்கு எழுதிய நிருபத்தில் அவர் வழங்கிய கிரேக்கச் சொல் 'இலாஸ்தேரியோன்' என்பது. குருதி தெளிக்கப்படும் கிருபாசனத்திற்குக் கிரேக்க வேதத்தில் வழங்கிய பெயரும் அதுவே. தமிழ்ப் பெயர்ப்பாளர் ஓரிடத்துக் 'கிருபாசனம்' என்றும் மற்றோரிடத்துக் 'கிருபாதாரபலி' என்றும் இருவேறு சொற்களாற் பெயர்த்தமையின், தமிழ் மட்டும் கற்பார்க்கு இவ்வொற்றுமை புலப்படுவதில்லை. கடவுளும் மக்களும் சந்திக்கும் இடம் என்பதே பவுல் கருத்தாகக் கொள்ளின் ஒரு பொருளும், கடவுளைத் தணிவிக்கும் பலி என்று கொள்ளின் மற்றொரு பொருளும் பயக்கும். ஒருசொல்லின் பொருள்பற்றிப் பிற்காலத்துப் பெருவழக்கு எழுந்தமை இதனாலாம்.

எபிரேயருக்கு எழுதிய நிருபம் இதனை மேலும் விரிக்கின்றது. குருதி சிந்தாமல் மன்னிப்பு இல்லை என்னும் புகழ்பெற்ற வாக்கியம் இதன் ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ளது. அவ்வாக்கியத்தின் முற்பகுதி, பழைய விதிப்படி 'ஏறக்குறைய' எல்லாம் குருதியால் தூய்மையாகும் என்று வரையறுத்தே கூறுகின்றது. வறியவன் கொடுத்த மா நினைவில் இருந்தது போலும். அடுத்த அதிகாரமோ விலங்கின் குருதி பாவத்தை நீக்கமாட்டாது என்று வெளிப்படையாகவே மறுத்து, ஒருமுறை நிகழ்ந்த கிறிஸ்துவின் தற்கொடையே போதியது என்று முடிக்கின்றது. எனவே இந்நிருபம் பலியை நிலைநாட்ட எழுந்ததென்பதினும், பலியை முடிவுக்குக் கொணர எழுந்ததென்றலே பொருந்தும்.

இம்மரணம் எவ்வாறு பாவத்தை நீக்கிற்று என்னும் வினாவிற்குத் திருச்சபை ஒருபடித்தான விடை வகுத்திலது. 325-இல் நீசேயாவிலும் 451-இல் கல்சேதோனிலும் கூடிய சங்கங்கள் கிறிஸ்து யார் என்பதை வரையறுத்தன. அவர் மரணம் பயன்தரும் முறை இன்னதென்று வரையறுத்தில. ஆதலின் ஒவ்வொரு காலத்தாரும் தத்தம் உலகியலினின்று உவமை கொண்டு விளக்கலாயினர்.

அடிமைச்சந்தை நிலவிய காலத்தில் எழுந்தது மீட்புவிலைக் கொள்கை. சாத்தானுக்கு அடிமைப்பட்ட மக்களை மீட்கக் கிறிஸ்துவின் உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது என்றார் மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிகன். நீசா நகரத்துக் கிரகோரி, இரையினுள் மறைந்த தூண்டிலை மீன் விழுங்கினாற்போலச் சாத்தான் ஏமாந்தான் என்றார். இதனை அக்காலத்தவரான நசியான்சு நகரத்துக் கிரகோரியே மறுத்தார். அவர் எழுப்பிய வினா ஒன்றே: அவ்விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? கொள்ளைக்காரனாகிய சாத்தானுக்கு என்றல் இழிவு. தந்தையாகிய கடவுளுக்கெனின், மக்களைச் சிறைப்படுத்தியவர் அவர் அல்லர்; ஆபிரகாம் தன் மகனைப் பலியிடப் புகுந்தபோதும் அதனை ஏலாது ஆட்டை மாற்றிக் கொடுத்தவர் ஒரே மகனின் குருதியில் இன்புறுவாரோ? இவ்வினாவினுங் கூரியதொரு தடையைப் புறமதத்தார் எழுப்பினாரல்லர்.

அலெக்சாந்திரியா நகரத்து அத்தனாசியஸ் வேறொரு நெறியிற் சென்றார். மக்கள் பாவத்தை நினைந்து வருந்தினாற் போதாதோ எனின், போதாது என்றார் அவர். பச்சாத்தாபம் மேலுஞ் செய்யும் பாவத்தைத் தடுக்குமேயன்றி, இயல்பிற் புகுந்துவிட்ட அழிவை மாற்றாது. ஓவியம் அழுக்கேறிச் சிதைந்தால், அப்பலகையை எறிந்துவிடாது, எழுதப்பட்டவரே மீண்டும் வந்திருக்க அவ்வுருவைப் புதுக்குவர். அதுபோலக் கடவுளின் சாயலாகிய உயிரைப் புதுக்கக் கடவுளே வந்தார் என்பது அவர் உவமை. இங்குக் குற்றம் வழக்கன்று, நோய். கடவுள் நீதிபதியாக வந்திலர், மருத்துவராக வந்தார்.

மேலைநாட்டிற் பெருநிலக்கிழார் ஆட்சி நிலவிய காலத்தில், காந்தர்புரித் தலைமைக் குருவாகிய ஆன்செல்ம் 1098-இல் 'கடவுள் மனிதரானது ஏன்' என்னும் நூலை முடித்தார். பாவமாவது கடவுளுக்குரிய மதிப்பைக் கொடாமை. அதற்கு ஈடுசெய்தல் வேண்டும். அன்றேல் தண்டனை ஏற்றல் வேண்டும். எல்லையற்றவர்க்கு இழைத்த குறைக்கு எல்லையற்ற ஈடு வேண்டும். கொடுக்கக் கடமைப்பட்டவன் மனிதன், கொடுக்க வல்லவர் கடவுள். ஆதலின் கடவுளும் மனிதருமாகிய ஒருவரே அதனைக் கொடுத்தல் கூடும் என்பது அவர் வாதம். ஈண்டு ஒன்று கருதற்பாலது: ஆன்செல்ம் கூற்றில் ஈடு தண்டனைக்கு மாறானது, கிறிஸ்து தண்டிக்கப்பட்டார் என்பது அவர் கருத்தன்று.

அவர்க்குப் பிற்பட்ட அபேலார்து, குற்றமற்றவன் குருதியை விலையாகக் கேட்டல் கொடுமையன்றோ என்று வினவி, அம்மரணம் காட்டிய அன்பு மக்கள் உள்ளத்தில் அன்பை மூட்டுதலாலேயே பாவம் நீங்குமென்றார். பெர்னார்து என்னும் துறவி அவரைக் கடுமையாக எதிர்த்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் றோன்றிய தாமஸ் அக்குவினாஸ் இவ்விருவர் கருத்தினும் நல்லனவற்றைத் தழுவி, நடுநிலையான முடிபு கூறினார். கடவுளுக்கு மேல் தலைவர் இல்லை. பாவம் அவர்க்கே இழைக்கப்பட்டது. எனவே அவர் ஈடு பெறாமலே மன்னித்திருப்பினும் நீதிக்கு இழுக்கில்லை. ஆயினும் நடந்த முறையே மிகவும் தகுதியானது என்றார். கத்தோலிக்கர் தலைசிறந்த ஆசிரியராகக் கொள்ளும் ஒருவரே, 'பலியின்றி மன்னிக்கக் கடவுளால் ஆகாது' என்பதை மறுத்தமை நோக்கத்தக்கது.

தண்டனையே பலி என்னுங் கருத்து வலுப்பெற்றது பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்த காலத்தில். சட்டக்கல்வி பயின்ற கால்வின், 1536-இல் முதன்முறை வெளிவந்து 1559-இல் நிறைவடைந்த தம் பெருநூலில், மக்கட்குரிய தீர்ப்பைக் கிறிஸ்து தாமே ஏற்றார் என விளக்கினார். இதற்கு விரைவில் எதிர்ப்பு எழுந்தது. 1594-இல் அச்சான நூலொன்றில் சொசீனஸ் வினவியவை இரண்டு: கடன் முழுதுஞ் செலுத்தப்பட்டதாயின், அதனை மன்னித்தது என்றல் எங்ஙனம்? பொருட்கடனைப் பிறன் செலுத்தலாம். குற்றத்தைப் பிறன் ஏற்றல் எங்ஙனம்? இருபதாம் நூற்றாண்டிலோ சுவீடன் நாட்டு ஔலேன் 1930-இல் வெளியிட்ட நூலிற் பழைய ஆசிரியர் கருத்தை மீண்டும் எடுத்து, சிலுவை கடவுள் பெற்ற தண்டத்தொகையன்று, தீமையின்மேல் அவர் கொண்ட வெற்றி என்றார்.

இவ்வரலாற்றினாற் பெறப்படுவது யாது? அடிமைச்சந்தை, நிலக்கிழார் அவை, நீதிமன்றம் என உவமைகள் மாறின. மாறாது நின்றது லேவியராகமத்துக் கருத்தொன்றே: கொடுப்பவர் கடவுள். மனிதன் தன்னாற் களைய மாட்டாததைக் கடவுளே தம்மைக் கொடுத்துக் களைந்தார் என்பதே கிறித்தவர் கொள்கையின் உயிர்நிலை. அதனை விடுத்து உவமையொன்றை மறுத்தல், மரத்தின் நிழலை வெட்டுதல் போலாம். ஆறுமுக நாவலர் இதனை உணர்ந்தவர். பெர்சிவல் பாதிரியாரோடு விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியில் ஈடுபட்டமையால் அதனை நன்கு கற்றிருந்த அவர், 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளை இகழ்ந்தார்க்கு அவர்தம் வேதத்தின் ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டி விடையிறுத்தார்.

இனிச் சைவசித்தாந்தத்தோடு ஒப்பிடின், நெருக்கமும் விலக்கமும் தெளிவாக விளங்கும். வருந்துதல் மட்டும் போதாது, இயல்பைப் பற்றிய அழுக்கு நீங்கல் வேண்டும் என்னும் அத்தனாசியஸ் கூற்று, மலம் ஒரு பொருளாதலின் அறிந்த அளவில் நீங்காது, கண்ணிற் படர்ந்த படலத்தை மருத்துவன் கருவியால் நீக்குமாறுபோல இறைவன் தீக்கையால் நீக்குவன் என்னும் ஆகமக் கொள்கையை நினைப்பிக்கும். உயிர் தன்னாற் கழியமாட்டாது, அருளே கழிக்கும் என்பதில் இருசாராரும் ஒருமைப்படுவர்.

விலக்கம் வருமாறு. சித்தாந்தத்தில் இறைவன் பிறப்பிலி, விகாரமற்றவன், ஆதலின் பிறந்து துன்புற்று இறந்து பாவந் தீர்த்தான் என்றல் பொருந்தாது. சஞ்சிதம் தீக்கையால் நீறாகும்; ஆகாமியம் ஞானத்தால் ஏறாதொழியும்; பிராரத்தமோ உடலுள்ளளவும் செய்தவனாலேயே நுகரப்பட்டுக் கழியும். பிறனொருவன் அதனை நுகர்தல் இல்லை. சொசீனஸ் எழுப்பிய இரண்டாம் வினா சித்தாந்தத்தின்கண் எழுதற்கே இடமில்லாமை இதனாற் பெறப்படும். தண்டனையும் ஈண்டு இறைவன் பெறும் ஈடன்று. பிள்ளையைத் திருத்தத் தந்தை எடுக்குங் கோலேயாம். மறக்கருணை எனப்படுவது அது. தண்டனையே கருணையாயினமையின், நீதியையும் கருணையையும் பொருத்துதற்கு இடையே ஒரு பலி வேண்டப்படுவதில்லை.

ஆகவே கிறித்தவக் கடவுள் குருதி வேட்கையர் என்று இகழ்வது அம்மதத்திற்கும் தீது, சைவத்திற்கும் இழுக்கு. தம்மைக் கொடுக்கும் அருள் என்னும் அவர்தம் உயர்ந்த கருத்தை எதிரே நிறுத்தி, அவ்வருள் பிறந்து துன்புறாமலே உயிரின் அழுக்கைக் கழுவவல்லது என்று நிறுவுதலே சித்தாந்திகட்கு உரிய கடன். பரபக்கத்தைத் தாழ்த்திக் கூறிச் சுபக்கத்தை உயர்த்துதல் அருணந்தியார் காட்டிய நெறியன்று.